தொண்டும் துவேஷமும்: ஜெர்மானிய மகளிர் சங்கங்களின் கதை

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் மன்ற நிகழ்ச்சியில் ஆற்றிய சொற்பொழிவு)

 

அயல்நாட்டு மகளிர் இயக்கம் ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று மன்றத்தார் என்னைப் பணித்தார்கள். வாக்குரிமைக்காகச் சிறை புகுந்த ஆங்கில நாட்டுப் பெண்மணிகளைப் பற்றிப் பேசியிருக்கலாம், அது எளிது, கேட்போர் நெஞ்சமும் பூரிக்கும். ஆனால், பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவள் என்ற முறையில் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. நல்லெண்ணத்தோடு தொடங்கிப் பொல்லாத இடத்தில் போய் முடிந்த முயற்சிகளே நமக்கு மிகுதியாகக் கற்றுத் தருகின்றன. ஆகவே, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஜெர்மனியில் விளங்கிய தேசிய மகளிர் சங்கங்களைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன். அவை புரட்சி பேசிய சங்கங்கள் அல்ல. குடும்பம், மதம், மன்னர், தாய்நாடு என்னும் பழைய தூண்களைக் கட்டிக் காக்க வேண்டும் என்று கூடிய பெண்களின் சங்கங்கள். நம்மைப் போலவே ஆண்டு விழா நடத்தினார்கள், ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தார்கள், பாடினார்கள். அதனாலேயே அவர்கள் கதை நம் கருத்துக்கு உரியது.

முதலில், அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று பார்ப்போம். 1918ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் நாள் கைசர் இரண்டாம் வில்லியம் அரியணை துறந்ததாக அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுப் போரில் ஜெர்மானியப் படையினர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் மாண்டிருந்தார்கள். கணவனை இழந்தவளும் மகனை இழந்தவளும் இல்லாத தெரு அந்நாட்டில் அரிது. 1919ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போரின் பழி முழுவதும் ஜெர்மனியின் தலைமேல் சுமத்தப்பட்டதாக அம்மக்கள் கருதினார்கள். பிறகு வந்தது பணவீக்கம். போருக்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு 4 மார்க்குக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தால் போதும். 1923ஆம் ஆண்டு நவம்பரில் அதே டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தின் வட்டியில் மானமாகக் காலங்கழிக்க எண்ணியிருந்த முதிய பெண்டிர், ஒரு ரொட்டிக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. இந்தத் துயரத்தை மறந்துவிட்டு அவர்களை எடை போடுவது நேர்மையாகாது.

இவ்வளவு இழப்புகளுக்கிடையே அவர்களுக்கு ஒன்று கிடைத்தது. அதுதான் வாக்குரிமை. கைசர் போன மூன்றாம் நாளே, 1918 நவம்பர் 12ஆம் நாள், 20 வயது நிறைந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு என்று புரட்சி அரசு அறிவித்தது. சமய, தேசியச் சங்கங்களைச் சேர்ந்த பெண்களுள் பலர் அதை வேண்டியவர்கள் அல்லர். பவுலா முல்லர்-ஓட்ஃபிரீட் என்னும் அம்மையார் இதற்கு நல்ல சான்று. 1899இல் தொடங்கிய ஜெர்மானியப் புராட்டஸ்டண்டு மகளிர் சங்கத்திற்கு 1901 முதல் 1934 வரை அவர் தலைவி. நாட்டின் பெண்கள் சங்கங்களுக்கெல்லாம் தாய் அமைப்பாக விளங்கிய கூட்டமைப்பு பெண் வாக்குரிமையை ஆதரிக்கிறது என்பதற்காக, 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் சங்கத்தை அதிலிருந்து விலக்கிக்கொண்டவர் அவர். அதே அம்மையார் 1920இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1932 வரை அங்கே வீற்றிருந்தார்!

இதை நகைப்புக்காகச் சொல்லவில்லை. வேண்டாம் என்ற உரிமை வந்து வாயிலில் நின்றபோது, 'நாம் வாளாவிருந்தால் எதிர்க்கட்சியினர் வென்றுவிடுவர். வாக்களிப்பது இனிக் கடமை' என்று அவர்கள் முடிவு செய்தார்கள். வீடு வீடாகச் சென்று பெண்களைத் தேர்தலுக்கு அழைத்தார்கள். விளைவு வியப்புக்குரியது. 1919 ஜனவரித் தேர்தலில் 37 பெண்கள் தேசிய சபைக்குச் சென்றனர். அவர்களுள் மூவர், பழமை பேணிய ஜெர்மானியத் தேசிய மக்கள் கட்சியைச் சேர்ந்தவர்கள். ஆண் வாக்கும் பெண் வாக்கும் தனித்தனியே எண்ணப்பட்ட ஊர்களில், அக்கட்சிக்கு ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக வாக்களித்திருந்தது புலப்பட்டது. பெண்ணுக்கு வாக்கு எதற்கு என்று கேட்டவர்களைப் பெண்களின் வாக்கே தாங்கி நின்றது. 1924ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கட்சி 103 இடங்களைப் பெற்று நாட்டின் இரண்டாவது பெருங்கட்சியாக விளங்கிற்று.

இனி, அவர்கள் செய்த தொண்டைச் சொல்ல வேண்டும்; குறைக்காமல் சொல்ல வேண்டும்.

மேற்கூறிய மூவருள் ஒருவர் மார்கரெதே பேம் அம்மையார், ஆசிரியையாக இருந்தவர். அந்நாளில் ஜெர்மானியப் பெண்கள் இலட்சக்கணக்கானோர், வீட்டு மூலையில் அமர்ந்து கூலிக்குத் துணி தைத்து வந்தார்கள். அவர்களுக்கு நேரக் கணக்கும் இல்லை, நோய்க்கால உதவியும் இல்லை. தரகர் சொன்னதே கூலி. அவர்களுக்காக 1900இல் அமைந்த தொழிற்சங்கத்தைப் பேம் அம்மையார் பல ஆண்டுகள் நடத்தினார். 1923இல் வீட்டுத் தொழிலாளரின் கூலியை முறைப்படுத்தும் சட்டம் வந்தபோது, மக்கள் அதற்கு அவர் பெயரையே வைத்து அழைத்தார்கள்.

கிழக்குப் பிரஷ்யாவில் ராஸ்டன்பர்க் என்னும் சிற்றூரில் எலிசபெத் போம் என்னும் பண்ணைவீட்டுத் தலைவி 1898இல் ஒரு சங்கம் கண்டார். உழவர் வீட்டுப் பெண்கள் வளர்க்கும் கோழியின் முட்டையும், தோட்டத்துக் காயும் கனியும் இடைத்தரகர் இன்றி நகரத்தில் விற்கப்பட வேண்டும்; இல்லத்தரசியின் உழைப்பும் ஒரு தொழில் என்று நாடு ஒப்ப வேண்டும் என்பன அவர் கொள்கைகள். அந்த ஒரு சங்கத்திலிருந்து நாடெங்கும் கிளைகள் படர்ந்தன. நகரத்து இல்லத்தரசிகளுக்கும் 1915 முதல் தனி அமைப்பு இருந்தது. முல்லர்-ஓட்ஃபிரீட் அம்மையார், பணவீக்கத்தால் சேமிப்பை இழந்த முதியோருக்கு உதவி வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஓயாமல் வாதாடினார். வைமார் குடியரசை அவர்கள் உள்ளத்தால் ஏற்கவில்லை. ஆயினும் அக்குடியரசின் மன்றத்திலேயே அமர்ந்து ஏழைகளுக்காகப் பேசினார்கள்.

சமையலறையிலும் அரசியல் புகுந்தது. கோதுமை ரொட்டியை விட்டு, நம் மண்ணில் விளையும் ரை தானியத்தின் கறுப்பு ரொட்டியை உண்ணுங்கள். ஆரஞ்சும் வாழைப்பழமும் அயல்நாட்டுச் சரக்கு, நம் ஆப்பிளை வாங்குங்கள் என்று இல்லத்தரசிகள் சங்கங்கள் பிரசாரம் செய்தன. சந்தைக்குப் போகும் பெண்ணின் கூடையிலும் நாட்டின் மானம் இருக்கிறது என்று அவர்கள் போதித்தார்கள். பெண்ணுக்கு இதனால் ஒரு பெருமை கிட்டிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

இச்சங்கங்களுள் கண்ணைக் கவர்ந்தது லூயிசே அரசியார் சங்கம். அது 1923இல் ஹாலே நகரில் தோன்றியது. போர் முடிந்து திரும்பிய படைவீரர்களின் 'எஃகுத் தலைக்கவசம்' என்ற சங்கத்திற்கு உடன்பிறந்தாள் போன்றது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள்.

லூயிசே அரசி யார்? பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியத்தின் தேவி. 1806இல் நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றபோது, குழந்தைகளோடு கடுங்குளிரில் கிழக்கு எல்லைக்கு ஓடியவர். 1807இல் தில்சித் என்னும் ஊரில் நெப்போலியனை நேரில் கண்டு, என் நாட்டிடம் இரக்கம் காட்டுங்கள் என்று வேண்டிப் பயன் பெறாமல் திரும்பியவர். 1810இல் தம் 34ஆம் வயதில் காலமானார். தப்பி ஓடும் வழியில் தானிய வயலில் ஒளிந்திருந்தபோது, அழுத பிள்ளைகளை ஆற்றுவதற்கு வயலில் பூத்த நீலப் பூக்களைப் பறித்து மாலை கட்டிக் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அப்பிள்ளைகளுள் ஒருவர்தாம் 1871இல், அதே பிரெஞ்சு நாட்டை வென்று, வெர்சேல்ஸ் அரண்மனையில் ஜெர்மானியப் பேரரசராக அறிவிக்கப்பட்ட முதலாம் வில்லியம்.

1923இல் இந்த அரசியைப் பெண்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இப்போது விளங்கும். அவள் தோற்ற நாட்டின் தாய். அவள் மகனோ வென்றவன். 'நாமும் இன்று அவமானப்பட்டு நிற்கின்றோம்; நம் பிள்ளைகள் நாளை வெல்வார்கள்' என்பது அக்கதைக்குள் பொதிந்த செய்தி. சங்கத்துப் பெண்கள் அந்தப் பூவின் நீல நிறத்திலேயே உடை தைத்து அணிந்தார்கள். சீமாட்டியும் எழுத்தர் மனைவியும் ஒரே நீலத்தில் அணிவகுத்தபோது, போரில் மகனை இழந்த ஒரு தாய்க்குத் தான் தனியள் அல்லள் என்ற ஆறுதல் கிடைத்திருக்கும்.

ஆனால், அன்பர்களே, அந்த நீல உடையை எல்லாப் பெண்களும் அணிய முடியாது. யூத குலத்துப் பெண்களுக்கு அச்சங்கத்தில் இடமில்லை. அப்பெண்களின் பிள்ளைகளும் அதே போரில், அதே கொடியின் கீழ் மாண்டவர்கள்தாம். எனினும் கதவு சாத்தியே இருந்தது.

இங்கே தேசிய மக்கள் கட்சியின் மூவரில் மற்றொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் அன்னா ஃபான் கீர்க்கே. 1874இல் பிறந்தவர், புகழ் பெற்ற சட்ட வரலாற்றறிஞர் ஓட்டோ ஃபான் கீர்க்கேயின் மகள். பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில், தாய் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் பள்ளி விட்டதும் தெருவில் திரியாமல் வந்து உண்ணவும் படிக்கவும் விளையாடவும் ஓர் இல்லத்தை வளர்த்தார். அப்பணிக்கு இளம் பெண்களைப் பயிற்றுவிக்கப் பள்ளியும் கண்டார். தேசப்பற்றிலும் சமயப்பற்றிலும் யாருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால் அவருடைய தாயார் யூத மரபில் வந்தவர். 1920ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது அந்த ஒரு காரணத்தால் கட்சி அவரை மீண்டும் வேட்பாளராக நிறுத்த மறுத்துவிட்டது. முதுமை எய்திய தந்தையும் மகளும் ஒன்றாகவே அக்கட்சியை விட்டு வெளியேறினர்.

இதுவே இக்கதையின் திருப்புமுனை என்று நான் கருதுகின்றேன். அன்று ஹிட்லர் யார் என்று நாட்டில் பலருக்குத் தெரியாது. அரசு எதுவும் கட்டளையிடவில்லை. யாரும் துப்பாக்கி காட்டவில்லை. தங்களோடு ஒரே அவையில் அமர்ந்து உழைத்த ஒரு பெண்ணை, அவள் தாயின் பிறப்பைக் காரணம் காட்டி வெளியேற்றுவதை, தாய்மையைப் போற்றிய ஓர் இயக்கம் பொறுத்துக்கொண்டது.

அதே 1920இல் இன்னொன்றும் நடந்தது. ரைன் நதிக் கரையில் காவலுக்கு நின்ற பிரெஞ்சுப் படையில் மொராக்கோ, செனகல், மடகாஸ்கர் முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட வீரர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் கரிய நிறத்தவர். ஆகவே ஜெர்மானியப் பெண்களின் மானத்திற்கே ஆபத்து என்று ஒரு பெரும் பிரசாரம் எழுந்தது. ரைன் மகளிர் சங்கம் என்ற அமைப்பு, அரசின் பண உதவியை மறைவாகப் பெற்றுப் பல மொழிகளில் துண்டுநூல்கள் பரப்பிற்று. தேசியப் பெண்கள் மட்டுமல்லர், மிதவாதப் பெண்களும் பிறரும் இதில் சேர்ந்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்த்துப் பேசியவர் மிகச் சிலர். இடதுசாரி உறுப்பினரான லூயிசே ஸீட்ஸ் அம்மையார் அவர்களுள் ஒருவர். அவ்வீரர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. ஏழைக் குடியில் பிறந்து, பிறர் போருக்காகக் கடல் கடந்து இழுத்துவரப்பட்டவர்கள். அவர்களுக்கும் ஜெர்மானியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை நாஜி அரசு மறக்கவில்லை. 1937இல் ஏறத்தாழ 400 சிறுவர் சிறுமியரைக் கமுக்கமாகப் பிடித்து, மகப்பேறு அற்றவர்களாக அறுவை செய்தது. 1920இல் மேடையில் பேசிய பெண்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் விதைத்த சொல்தான் பதினேழு ஆண்டுகளில் கத்தியாக முளைத்தது.

நிற்க. 1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். தேசிய மக்கள் கட்சி அவருடைய அமைச்சரவையில் பங்கு கொண்டது. நம் கனவு நிறைவேறும் காலம் வந்தது என்று தேசிய மகளிர் சங்கங்களுள் பல மகிழ்ந்தன. லூயிசே சங்கத்தின் தலைமை புதிய அரசுக்கு ஆதரவு தெரிவித்தது. ஆயினும் நாஜிக் கட்சி, தன் தலைமைப் பதவிகளில் பெண்களுக்கு இடமில்லை என்று 1921லேயே முடிவு செய்த கட்சி. அதை இப்பெண்கள் அறியாதவர்கள் அல்லர். நமக்கு அது பொருந்தாது என்று எண்ணிக்கொண்டார்கள் போலும்.

எண்ணியது நடக்கவில்லை. 1933 ஜூன் மாத இறுதியில் தேசிய மக்கள் கட்சியே கலைந்தது. நவம்பரில் அமைந்த நாடாளுமன்றத்தில் ஒரு பெண் கூட இல்லை. 1919இல் 37 பேர் இருந்தார்கள் என்று சற்று முன் சொன்னேன். புதிதாகப் பல்கலைக்கழகம் புகுவோரில் பெண்கள் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்று ஆணை பிறந்தது. 1936 முதல் பெண்கள் நீதிபதிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் நியமனம் பெற முடியாது என்றாயிற்று. 1934இல் லூயிசே சங்கம் கலைக்கப்பட்டது; ஓர் இலட்சம் நீல உடைகள் பெட்டிக்குள் மடிந்தன. இல்லத்தரசிகள் சங்கங்களும் உழவர் மகளிர் சங்கங்களும் ஒவ்வொன்றாக அரசின் அமைப்புகளில் கரைந்தன. கெர்ட்ரூட் ஷோல்ட்ஸ்-கிளிங்க் என்னும் 32 வயதுப் பெண் நாஜி மகளிர் அமைப்பின் தலைவியாக அமர்த்தப்பட்டார். மேலிருந்து வரும் கட்டளையைக் கீழே சேர்ப்பதே அவர் பணி. பிறர்க்குக் கதவைச் சாத்தக் கற்றுக்கொடுத்தவர்களுக்கே இறுதியில் கதவு சாத்தப்பட்டது.

அன்னா ஃபான் கீர்க்கே என்ன ஆனார்? தம் கையால் வளர்த்த இல்லத்தின் பொறுப்பிலிருந்து 1933இல் நீக்கப்பட்டார். அப்போது அவருக்கு 59 வயது. கசந்து ஒதுங்கியிருந்தால் யாரும் குறை கூறியிரார். ஆனால் அவர் பெர்லினில் தம் வீட்டு அறையைத் திறந்து வைத்தார். நாஜிகளுக்குப் பணியாத திருச்சபையினரும் பிறரும் அங்கே கூடி வேதம் படித்தார்கள், உரையாடினார்கள். துன்புறுத்தப்பட்டோர் அங்கே ஆறுதலும் உதவியும் பெற்றார்கள். 1943ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். அவருக்கு இலட்சம் உறுப்பினர் இல்லை; சீருடை இல்லை; கொடி இல்லை. ஓர் அறையும் திறந்த கதவும் இருந்தன.

சகோதரிகளே! அப்பெண்கள் தீயவர்கள் என்று சொல்லி இவ்வுரையை முடித்துவிட்டால் நமக்கு நெஞ்சு இலேசாகிவிடும். ஆனால் அது உண்மையாகாது. கூலிக்குத் தைத்த ஏழைப் பெண்ணின் கண்ணீரைத் துடைத்ததும் அவர்கள் கைதான். தோழி ஒருத்தியின் முன் கதவு சாத்தப்பட்டபோது வாளாவிருந்ததும் அவர்கள் கைதான். தொண்டு செய்கின்றோம் என்ற மனநிறைவே, சாத்திய கதவைக் காணாதபடி கண்ணை மறைத்துவிட்டது. தொண்டின் பெருமை, எத்தனை பேருக்கு அன்னமிட்டோம் என்பதில் மட்டும் இல்லை; பந்தியில் யாரை எழுப்பிவிட்டோம் என்பதிலும் இருக்கிறது.

நாமும் ஊர் விட்டு ஊர் வந்து, தாய்மொழியின் பெயரால் கூடியிருக்கின்றோம். மொழிப்பற்று நமக்கு நிழல் தரும் மரம். அதன் கீழ் நம் பிள்ளைகள் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் வேறு மொழி பேசுபவர்; நம் வீட்டு மருமகள் இவ்வூர்க்காரியாக இருக்கலாம். அவர்கள் விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் தயங்கி நின்றால், எழுந்து சென்று கை பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்துங்கள். சங்கத்தின் ஆண்டறிக்கையில் அது இடம்பெறாது. ஆனால் ஒரு சங்கம் எத்தகையது என்பதை அந்தச் சிறு செயலே சொல்லிவிடும்.

 வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!